பெங்களூரு வீட்டுக்கு வெளிச் சமையலறை: மாடியா, பின்கட்டா, யுடிலிட்டியா?

தங்கச்சி ஹொரமாவில் 30க்கு 40 சைட்டில் வீடு கட்டிக் குடிபோய் இரண்டு வருஷம் ஆகிறது. கீழ்த்தளம் வாடகைக்கு, முதல் மாடியில் அவர்கள், அதற்கு மேல் மொட்டை மாடி. போன மாதம் போனில் கேட்டாள்: "அக்கா, வஞ்சிரம் வறுத்தா மூணு நாளைக்கு ஸ்கிரீன் துணியெல்லாம் நாறுது. வெளியில ஒரு அடுப்பும், உக்காந்து சாப்பிட ஒரு இடமும் போட்டுடலாம்னு இருக்கோம். மாடியில போடறதா, பின்னாடி போடறதா?"

மாப்பிள்ளை அதற்குள் முப்பது படம் அனுப்பிவிட்டார். கருங்கல் சுவர், பதித்து வைத்த கிரில், மரப்பலகைத் தரை, சுற்றிலும் புல். அந்தப் படங்களில் நான் தேடியது ஒன்றைத்தான்: பாத்திரம் கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று. எதிலும் தெரியவில்லை.

இந்த விஷயத்தில் நான் இரண்டு முறை பணம் போட்டவள். ராமமூர்த்தி நகரில் அப்பா ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய 40க்கு 60 சைட்டில், பழைய சின்ன வீடு எங்களுடையது. முதலில் மாடியில் கட்டினோம். மூன்று வருஷம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, பின்கட்டில் மறுபடி கட்டினோம். அதனால் தங்கச்சிக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெங்களூரில் இதே கேள்வியோடு நிறையப் பேர் இருப்பார்கள்.

மாடி

மாடியின் மேல் ஆசை வருவது நியாயம்தான். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சென்னையில் சித்திரை மாதச் சாயங்காலம் மாடியில் உட்கார்ந்தால் தரைச் சூடு முதுகில் ஏறும். இங்கே ஏப்ரலில் கூட வெயில் தாழ்ந்தால் காற்று இறங்கிவிடுகிறது. வெளியே உட்கார்ந்து சாப்பிட இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. மாடியில் இடம் தாராளம், கொசு குறைவு, அடுத்த வீட்டு ஜன்னல் நேரே இல்லை.

ஆனால் அதே காற்றுதான் அடுப்புக்கு எதிரி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும் காற்று கைப்பிடிச் சுவரைத் தாண்டி நேராக மேடை மேல் வரும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்தவர்கள் கேஸ் அடுப்பைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார்கள். முதல் வருஷம் ஆடி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அம்மா மெதுவடைக்கு எண்ணெய் வைத்தாள். நீல நெருப்பு நிமிரவே இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து வாணலியின் வெளி விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்து எண்ணெய் பொங்க, இடப்பக்கத்து எண்ணெய் ஆறிக் கிடந்தது. போட்ட வடை நாலும் எண்ணெய் குடித்தன. அம்மா தாம்பாளத்தை எடுத்து அடுப்புக்கும் காற்றுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, மேடையை எந்தத் திசையில் வைத்தோம் என்று யாருமே யோசிக்கவில்லை என்று. மாடியில் வைப்பதானால் மேடைக்கு மேற்குப் பக்கம் அடுப்புக்கு மேல் இரண்டடியாவது உயரமான சுவரோ தகடோ இருந்தே ஆக வேண்டும். மார்கழியில் காற்று கிழக்கிலிருந்து திரும்பி வீசும், ஆனால் அது ஆடிக்காற்று அளவுக்கு அடுப்பை அலைக்கழிக்காது.

அடுத்தது எடை. இதைப் பலரும் கண்ணால் அளக்கிறார்கள். கணக்கால் அளக்க வேண்டும். ஆள் ஏறி இறங்கும் மொட்டை மாடிக்கு நம் நாட்டுத் தரநிலை எடுத்துக்கொள்ளச் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. எட்டடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு மேடை என்று வையுங்கள். ஒன்றரைச் சதுர மீட்டர். கீழே நாலங்குல சாலிட் பிளாக்கில் மூன்று தாங்கு சுவர், அதன் மேல் மூன்றங்குல கான்கிரீட் பலகை, அதன் மேல் 20 மில்லிமீட்டர் கிரானைட். சுவர் மூன்றும் சேர்ந்து முந்நூறு கிலோவைத் தாண்டும், கான்கிரீட் கிட்டத்தட்ட 280, கிரானைட் 80. மொத்தம் எழுநூறு கிலோவை நெருங்கும். பன்னிரண்டு பேர் அந்த எட்டடிக்குள் நெருக்கி, ராத்திரி பகல் இறங்காமல் நிற்பதற்குச் சமம். அதே கிரானைட்டை ஸ்டீல் சட்டத்தில் வைத்தால் மொத்தமே 120 கிலோ பக்கம்தான் வரும். கீழே சுவரோ பீமோ எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்துத் தளம் எவ்வளவு தாங்கும் என்பது மாறும். அதை வீட்டுக்கு வரைபடம் போட்ட இன்ஜினியரிடம் ஒருமுறை காட்டிவிடுவதுதான் சரி. மேடையைத் தளத்தின் நடுவில் வைக்காமல் பீம் ஓடும் ஓரத்தில் வைப்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

எங்களுக்கு உண்மையில் அடி விழுந்தது, மேடைக்கு மேல் போட்ட கூரையின் கால்களில். வேலை எடுத்தவர் இரும்புக் கால்களின் அடித்தகட்டைப் பொருத்த, மாடியின் மேல் ஓடான தட்டோட்டைத் துளைத்து, அதன் அடியில் இருக்கும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு அடுக்கான சுருக்கியைத் துளைத்து, தளத்துக்குள் போல்ட் இறக்கி முறுக்கினார். அன்றைக்குப் பார்க்கக் கெட்டியாக இருந்தது. செப்டம்பர் மழையில் கீழே படுக்கையறைக் கூரையில், பழுப்பு நிறத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறை. நாங்கள் போல்ட் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே தேடினோம். கறை அங்கிருந்து ஐந்தடி தள்ளி இருந்தது. சுருக்கி ஸ்பாஞ்சு மாதிரி. ஓர் இடத்தில் நுழைந்த தண்ணீர் அதற்குள்ளேயே ஊர்ந்து, தளத்தில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கேதான் இறங்கும். அதனால் ஓட்டை எது என்று கண்டுபிடிக்கவே இரண்டு மழைக்காலம் போயிற்று. மாடியில் எதையும் துளைக்காதீர்கள். பெங்களூரில் பாதி வீடுகளில் அடுத்த மாடிக்காகத் தூண் கம்பிகளை நீட்டி விட்டிருப்பார்கள். கூரைக் கால்களை அந்தத் தூண்களின் தலையில் உட்கார வைக்கலாம். இல்லையென்றால் தட்டோட்டின் மேலேயே கனமான கான்கிரீட் கட்டைகளை வைத்து அதில் கால்களைப் பதிக்கலாம், ஆனால் காற்று கூரையைத் தூக்கும் என்பதால் அந்தக் கட்டையின் எடையையும் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

சின்ன விஷயம் போலத் தெரியும் இன்னொன்று: மாடிக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். தொட்டி பக்கத்திலேயே இருப்பதால் அழுத்தம் கிடைக்காது. தொட்டி மாடிப்படி அறையின் தலையில் இருந்தால் சமாளிக்கலாம், மாடித் தளத்திலேயே இருந்தால் சிங்க் வைத்தும் பிரயோசனம் இல்லை.

சிலிண்டரும் உண்டு. உள்ளே இருக்கும் எரிவாயு 14.2 கிலோ, இரும்பு 15 கிலோவுக்கு மேல். நிரம்பியது கிட்டத்தட்ட முப்பது கிலோ. அதை இரண்டு மாடி தூக்கிக்கொண்டு போகிறவர் யார் என்பதை முதலிலேயே வீட்டில் பேசி வையுங்கள். எங்கள் வீட்டில் அது நானாகத்தான் இருந்தது.

பின்கட்டு

இப்போது நாங்கள் சமைப்பது இங்கேதான். வீட்டுக்குப் பின்னால் எங்களுக்குப் பதினெட்டு அடி இருந்தது, ஒரு தென்னை, துணி துவைக்கும் கல், குழாய். அதாவது தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும் ஏற்கெனவே இருந்தன. வீட்டுச் சுவரை ஒட்டிப் பத்தடிக்குக் கூரை, மிச்சம் எட்டடி திறந்த வெளி. சட்டப்படி விட வேண்டிய இடத்தை விட்டு அதற்குள் கட்டினோம். பக்கத்தில் காலியாகத்தானே கிடக்கிறது என்று மதில் வரை இழுத்துக் கூரை போடுகிறவர்கள் நிறைய. மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்திருக்கிறது, விதி அப்படியேதான் இருக்கிறது: வீட்டைச் சுற்றி விட வேண்டிய செட்பேக்கை மூடக் கூடாது.

பின்கட்டு வேலையில் நான் கற்றுக்கொண்ட சொல் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடத் தரைக்குக் கொடுக்கும் சரிவு. தருமபுரிப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் வந்தார். வந்ததும் இன்ச் டேப்பை எடுக்கவில்லை. "ஒரு பக்கெட் தண்ணி குடுங்கம்மா" என்றார். பழைய சிமெண்டுத் தரையில் அதைக் கவிழ்த்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். தண்ணீர் தென்னையைச் சுற்றிக்கொண்டு வந்து, பின்கதவுப் படியில் தேங்கி நின்றது. "இத்தனை வருஷமா உங்க வீட்டுச் சுவர் தண்ணி குடிச்சிட்டு இருக்குது" என்றார். பிறகுதான் ட்யூப் லெவல் எடுத்தார். அந்த ஒரு பக்கெட்டில்தான் எங்கள் முழுத் திட்டமும் மாறிற்று; மேடை வர வேண்டிய மூலை வேறு பக்கம் போனது.

வாட்டம் எவ்வளவு? சொரசொரப்பான கல் தரைக்கு அடிக்குக் கால் அங்குலம் என்றால் தண்ணீர் நிற்காமல் ஓடும். பத்தடியில் இரண்டரை அங்குலம் இறங்கும். அதில் நாற்காலி போட்டால் ஆடும். வழவழப்பான தரைக்கு அடிக்கு அரைக்கால் அங்குலம் போதும். நாங்கள் செய்தது: அடுப்பு, சிங்க் பக்கம் கால் அங்குலம், சாப்பிடும் பக்கம் அரைக்கால். சேரும் இடத்தில் ஒரு நீளக் குழி, அதன் மேல் ஜாலி. தரை உயரமும் முக்கியம். வெளித்தரை வீட்டுத் தரையை விட ஆறு அங்குலமாவது கீழே இருக்கட்டும். படி ஏறி இறங்கச் சோம்பல் பட்டுச் சமமாகப் போட்டுக்கொண்டால் அக்டோபர் மழை ஒன்றில் ஹாலுக்குள் தண்ணீர் வரும். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் போட்டிருக்கும் தடுப்பும் மண்ணுக்குள் புதைந்து சுவர் உதிர ஆரம்பிக்கும்.

தண்ணீரில் இரண்டு ஜாதி இருக்கிறது, இரண்டையும் கலக்கக் கூடாது. சிங்க் தண்ணீர் எண்ணெயும் சோறும் கலந்தது; அது நஹானி டிராப் (சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்கும் தரை வடிகால்) வழியாக, முடிந்தால் எண்ணெய் தங்கும் ஒரு சின்னத் தொட்டி வழியாக, பாதாளச் சாக்கடைக்குப் போக வேண்டும். மழைத் தண்ணீர் அதற்குள் போகவே கூடாது. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் இந்த ஊரில் ஒரே நாளில் 13 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பத்துக்குப் பன்னிரண்டு கூரையில் அது விழுந்தால் 1,400 லிட்டருக்கு மேல். அவ்வளவையும் கழிவுநீர்க் குழாயில் விட்டால் அது எதிர்த்துக்கொண்டு உங்கள் சிங்க் வழியாகவே வெளியே வரும். 2009 முதல் 30க்கு 40 சைட்டில் புதிதாகக் கட்டும் வீட்டுக்குக் கூட மழைநீர்ச் சேமிப்பு கட்டாயம். கூரைத் தண்ணீரை அந்தக் குழியில் விடுங்கள். 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி, குடிநீரில் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்த நாட்களை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த மாதம் எங்கள் குழியிலிருந்த தண்ணீரில்தான் பின்கட்டைக் கழுவினோம்.

பின்கட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் கொசு. காற்று வராது, அதனால் அடுப்பு அழகாக எரியும், ஆனால் புகையும் தாளிப்பு நெடியும் அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் நேராகப் போகும். எங்களுக்குப் பின் வீட்டு அம்மா சுத்த சைவம். கட்டுவதற்கு முன்பே அம்மா அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மீன் வறுக்கும் நாளில் இன்றைக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள், இதுவரை முகம் சுளித்ததில்லை. பெருச்சாளியும் உண்டு. மணல் பரப்பி அதன் மேல் பேவர் கல்லை அடுக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், மழைத் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கும். ஆனால் பெருச்சாளி அடியில் சுரங்கம் போட்டு ஒரே வருஷத்தில் தரையை அலை அலையாக ஆக்கிவிடும். கூரைக்கு வெளியே திறந்த வெளியில் மட்டும் பேவர், கூரைக்குக் கீழே கான்கிரீட்டின் மேல் கல் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

தரையும் மேடையும்

தரைக்கு என் ஓட்டு சாதரள்ளி கல்லுக்கு. தேவனஹள்ளிப் பக்கத்துச் சாம்பல் நிறக் கருங்கல், நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கியது. மழையில் வழுக்காது, எண்ணெய் சிந்தினால் கறை கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். பாலிஷ் போட்ட கிரானைட்டையும் விட்ரிஃபைட் டைல்ஸையும் மழை படும் இடத்தில் போடவே போடாதீர்கள். எழுபது வயது அம்மா நடக்கிற தரை அது. மாப்பிள்ளை கேட்ட மரப்பலகைத் தரை வெயிலிலும் மழையிலும் மாறி மாறி அடிபட்டு முறுக்கிக்கொள்ளும், அடியில் கரையான் சேரும். அதற்கு ஆசைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

மேடைக்குக் கடப்பா கல் மலிவு. அலமாரித் தட்டாக, தாங்கு பலகையாக எங்கள் வீட்டில் அதுதான். ஆனால் மேல் பலகைக்கு வேண்டாம். கடப்பாவும் கோட்டாவும் சுண்ணாம்புக் கல் இனம். எலுமிச்சம்பழமும் புளியும் தயிரும் பட்டால் அந்த இடம் வெளுத்துப் பொரிந்துவிடும். மீனுக்கு மசாலா தடவும் மேடையில் எலுமிச்சை படாமல் இருக்குமா? கிரானைட்தான் சரி. ஓசூர் ரோட்டில் ஜிகணி பக்கம் போனால் பெரிய பலகைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும். எட்டடி மேடைக்கு அது போதும்.

மேடையின் உயரத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். உள்ளே 34 அங்குலம் என்றால் வெளியேயும் 34 என்று கட்டிவிடுவார்கள். வெளியே நாம் சமைக்கப் போவது பெரும்பாலும் பெரிய பாத்திரத்தில். பொங்கலுக்குப் பானை, விருந்துக்குப் பிரியாணி அண்டா. அதை 34 அங்குல மேடையில் ஏற்றினால் உள்ளே எட்டிப் பார்க்க ஸ்டூல் வேண்டும். அதனால் ஒரு மேடையும், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தனியாக ஒரு பெரிய பர்னர் ஸ்டாண்டும் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா அந்த ஸ்டாண்டுக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்து அதிரசம் சுடுவாள். முதுகு வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அடியில் கதவு வைத்த அலமாரி வேண்டாம். மரைன் பிளைவுட்டும் வெளி ஈரத்தில் ஓரம் ஊதும். ஸ்டீல் என்றால் 304 என்று கேட்டு வாங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி 202ஐக் கொடுத்துவிடுவார்கள். இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. 202 வெளியே ஒரு மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளி போட ஆரம்பிக்கும்.

கூரை

மங்களூர் ஓட்டின் மேல் எனக்கு ஆசை அதிகம். 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து கிளம்பி, ஃப்ரேசர் டவுன் பழைய பங்களாத் தாழ்வாரங்கள் வரை வந்த ஓடு. வெயில் கீழே இறங்காது, புகை இடுக்கு வழியாகத் தானே வெளியேறிவிடும், மழைச் சத்தம் கேட்க இதமாக இருக்கும். ஆனால் அதற்குச் சுமார் 30 டிகிரி சாய்வு வேண்டும். பத்தடி அகலத்துக்கு ஒரே பக்கச் சாய்வு என்றால் மேல் முனை கீழ் முனையை விட ஐந்தே முக்கால் அடி உயரே போகும். எங்கள் வீட்டில் அது மேல் ஜன்னலை மூடியது, அதனால் மனசில்லாமல் விட்டேன். இடம் இருப்பவர்கள் யோசிக்காமல் ஓடு போடுங்கள்.

பாலிகார்பனேட் வெளிச்சம் தரும், பத்து டிகிரி சாய்வு போதும். யூ.வி. பூச்சு உள்ள பக்கம் மேலே இருக்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள். மாற்றிப் போட்டால் மஞ்சளாகி நொறுங்கும். அறை அறையாக உள்ள ஷீட்டின் முனைகளை டேப் ஒட்டி மூடாவிட்டால் உள்ளே பாசி பிடிக்கும். அடுப்புக்கு நேர் மேலே அது வேண்டாம், சூட்டில் இளகும். அங்கே மட்டும் தகடு போட்டோம். தென்னைக்குக் கீழேயும் வேண்டாம். ஒரு தேங்காய் போதும். எங்களுக்கு இரண்டு விழுந்த பிறகுதான் அந்தப் பக்கத்து ஷீட்டையும் தகடாக மாற்றினோம்.

அடுப்பு

விறகா, கேஸா, கரண்டா என்ற கேள்விக்கு நான் அதிகம் தயங்க மாட்டேன். தினப்படிக்குக் கேஸ். எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே சிலிண்டரைக் குழிக்குள்ளோ மூடிய பெட்டிக்குள்ளோ வைக்காதீர்கள். நிமிர்த்தி, காற்றோட்டமாக, மேடை அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். வெயில் படும் இடத்தில் ரப்பர் குழாய் சீக்கிரம் வெடிக்கும். ஐந்து வருஷம் கெடு இருந்தாலும் வெளியே இருப்பதை அதற்கு முன்பே மாற்றிவிடுவது என் பழக்கம். இண்டக்‌ஷனுக்குச் சாரல் படாத மூடி போட்ட பிளக்கும், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

விறகு பண்டிகைக்கு. அதற்கும் நம் ஊரிலேயே நல்ல வழி பிறந்திருக்கிறது. டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று நாம் சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய ஆஸ்ட்ரா பிரிவு கிராமத்து வீடுகளுக்காக ஒரு விறகடுப்பை வடிவமைத்தது. மூன்று பாத்திரம் வைக்கலாம், காற்று அடியிலிருந்து வரும், புகை புகைபோக்கி வழியாகப் போகும். ஒலெ என்றால் கன்னடத்தில் அடுப்பு. ஆஸ்ட்ரா ஒலெ என்று அதற்குப் பெயர். நகரத்தில் பின்கட்டு உள்ளவர்கள் விறகடுப்பு கட்டினால் குறைந்தது அந்தப் புகைபோக்கிப் பாடத்தையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். சமைக்கிற பெண்ணின் நெஞ்சுக்குள் போகிற புகையைப் பற்றித்தான் அவர்கள் யோசித்தார்கள். நாமும் யோசிக்கலாம்.

தங்கச்சி வீட்டுக்கு

அவள் வீட்டைப் போய்ப் பார்த்தேன். பின்னால் இருப்பது மூன்றடி. அதுவும் வாடகைக்கு இருப்பவர்களின் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே. பின்கட்டு என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

மாடியில் தொட்டி தளத்தோடு தளமாக இருக்கிறது. சிங்க் வைத்தால் தண்ணீர் வராது. சாக்கடைக் குழாய் வீட்டின் மறுபக்கம். எண்ணெய்த் தண்ணீரை மழைநீர்க் குழாயில் விடலாம் என்று யாரோ அவர்களுக்கு யோசனை சொல்லியிருந்தார்கள்; அந்தக் குழாய் போவது நேராக மழைநீர்ச் சேமிப்புக் குழிக்கு.

அப்போதுதான் அவள் சமையலறைக்குப் பின்னால், பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் விட்டிருக்கும் யுடிலிட்டியைப் பார்த்தேன். நாலடிக்கு ஒன்பதடி. ஒரு பக்கம் முழுக்கக் கம்பி ஜாலி, திறந்த வெளி. சிங்க் இருக்கிறது, நஹானி டிராப் இருக்கிறது, சிலிண்டரும் அங்கேதான் நிற்கிறது. மேற்குக் காற்றை வீட்டுச் சுவரே மறைக்கிறது. வாஷிங் மெஷின்தான் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பாத்ரூமில் அதற்கு ஒரு மூலை இருந்தது.

அங்கே நின்றுகொண்டு அவளிடம் சொன்னேன்: வறுப்பது இங்கே, சாப்பிடுவது மேலே. சமைக்கும் இடமும் உட்காரும் இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது படத்துக்கு அழகுதான். ஆனால் சமையலுக்கு வேண்டியது தண்ணீர் வந்து போகும் இடம், உட்கார வேண்டியது காற்று வரும் இடம். பெங்களூரின் சின்னச் சைட்டில் இவை இரண்டும் ஒரே மூலையில் அமைவது அபூர்வம். எங்களுக்குப் பதினெட்டு அடி இருந்ததால் அமைந்தது, அதுவும் இரண்டாவது முறை. மீன் நாற்றத்துக்கு யுடிலிட்டியில் ஒரு கிரானைட் பலகை, இரண்டு பர்னர், மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், உள்ளே போகும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்படி ஒரு ஸ்பிரிங். மாடியில் தூண் தலைகளில் நாலு கால் நட்டு எளிய நிழல், மடக்கு மேசை, பெஞ்சு, ஒரு விளக்கு. மாடியில் நிரந்தரமாகச் சுவர் வைத்துக் கூரை போட்டால் அது இன்னொரு கட்டடமாகிவிடும், அதற்கு அனுமதி வேண்டும். நிழலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

மாப்பிள்ளை முகம் கொஞ்சம் வாடிற்று. கிரில் வேண்டும் என்பது அவர் ஆசை. சக்கரம் வைத்த கரி கிரில் ஒன்று வாங்கி மாடியில் வைத்துக்கொள்ளலாம், சிங்க் இல்லாமல் அதைச் சமாளிக்க முடியும், சாம்பலைச் செடிக்குப் போடலாம் என்றேன். அதில் சமாதானமானார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். கட்டுவதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்க வேண்டும். வாஷிங் மெஷினை நகர்த்திவிட்டு, ஒரு பழைய மேசையில் அடுப்பை வைத்து யுடிலிட்டியில் மீன் வறுக்க வேண்டும். மாடியில் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுக்குள் பெஞ்சைப் போட்டு அங்கேயே சாப்பிட வேண்டும். தட்டை யார் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள், எந்த நேரத்தில் வெயில் கண்ணில் அடிக்கிறது, எல்லாம் அதில் தெரிந்துவிடும். முதல் ஞாயிறு முடிந்துவிட்டது. கோடு நாலடி கிழக்கே நகர்ந்திருக்கிறது.

வேலையைத் தைப் பொங்கலுக்குப் பிறகுதான் தொடங்குவார்கள். அக்டோபர், நவம்பர் மழையில் வெளிவேலை நடக்காது. மார்ச்சுக்கு மேல் கான்கிரீட்டை நனைக்கத் தண்ணீர் தேட வேண்டும், ஏப்ரலில் மாங்காய் மழை புயல் காற்றோடு வரும். மேஸ்திரியும் ஆட்களும் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு, காணும் பொங்கல் கழிந்து அடுத்த வாரம் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே தருமபுரி மேஸ்திரிதான். தங்கச்சியிடம் ஒரு பக்கெட்டை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.